நாப்பி வாங்குமுன் காற்றைக் கவனியுங்கள்

பிரசவ நாள் நெருங்கினால் சிங்கப்பூரில் நம் வீடுகளிலும் துணி நாப்பிப் பேச்சு வந்துவிடும். எல்லாரும் கேட்பது, எது அதிகம் உறிஞ்சும் என்றுதான். இந்த ஊரில் நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: எது சீக்கிரம் காயும்?

ஈரத்துணியை ஒட்டியுள்ள காற்றில் இன்னும் எவ்வளவு நீராவிக்கு இடமிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் துணி காயும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். அதே 30 டிகிரி வெப்பமும் அதே காற்றோட்டமும் இருந்து, ஈரப்பதம் மட்டும் 50 விழுக்காடாக உள்ள இடத்தோடு ஒப்பிட்டால், நிழலில் துணி காயும் வேகம் இங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். விடியற்காலையில் ஈரப்பதம் 90-ஐத் தாண்டிவிடும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். இரவு துவைத்து மூங்கில் கழியில் போட்ட துணி காலையிலும் நசநசவென்று இருப்பதற்கு இதுதான் காரணம். காலையில் துவைத்து, பிற்பகல் காற்றுப் பட விடுவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது தடிமன். 'ஆல் இன் ஒன்' வகையில் நான்கைந்து அடுக்குகள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கும், ஒரு பக்கம் நீர் புகாத பாலியூரித்தேன் படலம் வேறு. நடு அடுக்கின் ஈரம் ஒரு பக்கமாகத்தான் வெளியேற முடியும். தொட்டால் காய்ந்ததுபோல் தோன்றும். தையல் ஓரத்தைக் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அந்தக் குளிர்ச்சிதான் அது. ஆகவே உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா கிழித்துக் கொண்டுவரும் பழைய வேட்டித் துண்டோ, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த சதுர மல் துணியோ அப்படியில்லை. மடித்தால் பல அடுக்கு, விரித்தால் ஒரே அடுக்கு. மேலே ஒரு நீர் புகாத உறை போட்டால் போதும்.

காயும் வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் மிக நுண்ணிய செயற்கை இழைத் துணியான மைக்ரோஃபைபர் முந்திக்கொள்ளும். அதன் பாலியெஸ்டர் இழைக்குள் நீர் நுழையாது. இழைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில்தான் தங்கும். கார் இருக்கையில் வார் போட்டுக் குழந்தையை உட்காரவைத்தால், அந்த அழுத்தத்தில் பிதுங்கி வெளியே வந்துவிடும். தோலில் நேரடியாகப் படவும் கூடாது, தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். பருத்தியின் கதை வேறு. அதன் இழை செல்லுலோஸ் என்ற தாவரப் பொருளால் ஆனது; அதிலுள்ள ஹைட்ராக்சில் என்ற அணுத் தொகுதிகள் நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. இழையே நீரை வாங்கி உப்புகிறது. மூங்கிலைக் கூழாக்கி இழையாக்கிய விஸ்கோஸும் செல்லுலோஸ்தான். நன்றாகவே உறிஞ்சும், ஆனால் காய நேரமெடுக்கும். மழைக்காலமான டிசம்பரில் பிறக்கும் பிள்ளைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எத்தனை வாங்குவது? பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் துவைத்தால் 24, மழைக்கு இன்னும் ஆறு. ஈரத்துணியைக் குவித்து வைத்தால் பாக்டீரியாக்கள் சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக்கும். மூக்கைத் துளைக்கும் வாடை அதுதான். மலக் கறைக்கு வெயிலே மருந்து. அந்த மஞ்சள் பித்த நிறமிகளால் வருவது, ஒளி பட்டால் சிதையும். மஞ்சள் காமாலைக் குழந்தைகளை நீல விளக்கின் கீழ் படுக்கவைப்பதும் பிலிரூபின் என்ற பித்த நிறமி ஒளியில் மாறும் என்பதால்தான்.

வாங்கியதைப் பெட்டியிலேயே வைத்திருக்காதீர்கள். வெளுக்காத புதுப் பருத்தியில் இயற்கை மெழுகும் நெசவுக் கஞ்சியும் இருக்கும், நீர் ஒட்டாது. வெந்நீரில் சில முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் அது ஒழுங்காக உறிஞ்சத் தொடங்கும். சாஃப்ட்னர் ஊற்றினால் இழைமேல் மறுபடியும் ஒரு பூச்சு ஏறிவிடும், வேண்டாம். காய்ந்த துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் திரும்பவும் வாஷிங் மெஷினில் போடுங்கள். சட்டென்று பரவினால் மடித்து அடுக்கலாம்.