பாரா: கண் விழித்து நிற்பவருக்கு 'பார்க்காத' என்று ஒரு பெயர்

"பாரா பணியில் இருந்த காவலர் சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்தார்" என்று செய்தித்தாளில் ஒரு வரி. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன் அதை உரக்கப் படித்துவிட்டு, "பாரான்னா பார்க்காதன்னுதானே மாமா அர்த்தம்? பார்க்காம இருக்கிறதுக்கு எதுக்குச் சம்பளம்?" என்றான். அந்த வாரம்தான் பள்ளியில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நடத்தியிருக்கிறார்கள்.

இலக்கணப்படி அவன் சொன்னதில் தப்பே இல்லை. செல்லாக் காசு, ஓடாக் குதிரை, பாராமுகம் என்ற வரிசையில் வைத்தால் 'பாராக் காவலர்' பார்க்காத காவலர்தான். ஆனால் இந்தப் பாராவுக்கும் பார்த்தலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'இரண்டாவது பாராவைப் படி' என்கிறோமே, அந்தப் பாராவும் வேறு. அது ஆங்கிலச் சரக்கு.

காவல் பாரா இந்துஸ்தானியிலிருந்து வந்தது. அங்கே 'பஹ்ரா' என்றால் காவல், 'பஹரேதார்' என்றால் காவல் நிற்பவர். இரண்டுக்கும் அடியில் இருப்பது 'பஹர்' என்ற கால அளவு. சமஸ்கிருதத்தில் பிரஹரம், அதாவது ஒரு நாளின் எட்டில் ஒரு பங்கு, மூன்று மணி நேரம். இந்தியில் நண்பகலை 'தோபஹர்' என்பது, விடிந்து இரண்டு பஹர் கழிந்த வேளை என்பதால்தான். ஆக முதலில் நேரம். அந்த நேரம் முழுக்க ஒருவர் விழித்து நிற்பது அதிலிருந்து பிறந்த பொருள். நடுவில் இருந்த 'ஹ' தமிழ் வாயில் கரைந்து பாரா ஆகிவிட்டது. சிப்பாய், ஹவில்தார், உஷார் எல்லாம் வந்த அதே பட்டாளத்துப் பாதைதான். சிறை மதிலின் மூலைகளில் நிற்பவர்கள் இரவில் ஒருவருக்கொருவர் கொடுக்கும் 'பாரா உஷார்' என்ற குரலில் இரண்டு சொற்களும் வடக்கிலிருந்து வந்தவை.

பாரா வேறு, ரோந்து வேறு. ரோந்து போகிறவர் நகர்ந்துகொண்டே இருப்பார். பாரா நிற்பவருக்கு ஓர் இடம் உண்டு. அதை விட்டு அவர் போகக்கூடாது. காவல் நிலையத்தில் லாக்கப்பில் இருக்கும் ஆள், ஆயுத அறையில் இருக்கும் துப்பாக்கிகள் எல்லாம் அந்த நேரத்துக்கு அவர் பொறுப்பு. ராணுவத்தின் பழைய வழக்கம், இரண்டு மணி நேரம் நிற்பது, நான்கு மணி நேரம் ஓய்வு. அப்படியென்றால் ஒரே ஒரு வாசலுக்கு மூன்று பேர் வேண்டும். அடுத்தவர் முறைப்படி வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும் வரை, நேரம் முடிந்துவிட்டது என்று தானாகக் கிளம்ப முடியாது. அமெரிக்கக் கடற்படையில் சேருகிறவர்கள் மனப்பாடம் செய்யும் காவல் கட்டளைகள் பதினொன்றில் இதுவும் ஒன்று.

இருட்டில் யாராவது வந்தால் என்ன செய்வது? முதலில் நிறுத்த வேண்டும், பிறகு யார் என்று கேட்க வேண்டும், அடையாளம் தெரியும்படி ஓர் ஆளை மட்டும் முன்னால் வரச் சொல்ல வேண்டும். அன்றைய சங்கேதச் சொல் சரியாக வந்தால்தான் வழி. வருகிறவர் மேலதிகாரியாகவே இருந்தாலும் இதே கேள்விதான். கேட்காமல் விட்டால்தான் அந்த அதிகாரிக்குக் கோபம் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே, தூங்கக்கூடாது. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் 36-ஆம் பிரிவில், பாராவில் தூங்குகிறவருக்கும் போதையில் இருப்பவருக்கும் போர்ப்பணியில் என்றால் 14 ஆண்டு வரை, மற்ற நேரத்தில் 7 ஆண்டு வரை சிறை என்கிறது. பாரா நிற்பவர்மேல் கை வைக்கிறவருக்கும் அதே பிரிவுதான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் காவலில் தூங்கியதற்காக 449 பேருக்கு மரண தண்டனை விதித்தது. நிறைவேற்றியது இரண்டு பேருக்கு மட்டும். 1917-இல் மெசபடோமியாவில், ஒரே காவலிடத்தில் சேர்ந்து உட்கார்ந்தபடி தூங்கிப்போன இருவர்.

ரோமானியர் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். காவலர் ஒவ்வொருவர் கையிலும் குறியிட்ட சிறு பலகை ஒன்று இருக்கும். இரவில் குதிரையில் சுற்றி வருகிறவர், விழித்திருப்பவரிடம் அதை வாங்கிக்கொள்வார். தூங்குகிறவரை எழுப்பமாட்டார், கூட வந்தவர்களைச் சாட்சிக்கு வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். விடிந்ததும் பலகைகளை எண்ணினால் எந்த இடத்தில் தூக்கம் என்று தெரிந்துவிடும். குற்றம் உறுதியானால், கூட இருந்த வீரர்களே தடியாலும் கல்லாலும் அடித்துக் கொல்வார்கள். பொலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் இதையெல்லாம் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் இரவை நான்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் 'விகிலியா'. அதே சொல்லுக்கு விழித்திருத்தல் என்றும் காவல் என்றும் பொருள். பஹரும் பஹ்ராவும் போலவேதான்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? நம்மிடமும் நேரமும் காவலும் ஒட்டிப் பிறந்த சொல் இருக்கிறது: யாமம், பேச்சில் சாமம். ஏழரை நாழிகை ஒரு சாமம். அதுவும் மூன்று மணி நேரம்தான். இரவுக்கு நாலு சாமம். அந்தச் சாமத்தில் விழித்திருப்பவர் யாமங்காவலர். குறுந்தொகையின் 375-ஆம் பாட்டில் தோழி, தலைவன் இன்று வராமல் இருப்பதே நல்லது என்கிறாள்; நடுநிசியிலும் தொண்டகப் பறையை முழக்கிக்கொண்டு யாமங்காவலர் ஓயாமல் இருக்கிறார்களாம். யாமம் தமிழா வடமொழியா என்ற சண்டை தனி. அதில் நான் இறங்கப் போவதில்லை. இரண்டாயிரம் ஆண்டாக நம் பாட்டில் புழங்கும் சொல், எனக்கு அது போதும்.

பகலில் வாசலில் நிற்பவருக்கு வாயிற்காவலர், அல்லது சிலப்பதிகாரத்து வாயிலோன். கண்ணகி "வாயிலோயே" என்று கூப்பிட்டுக் கொதிக்கும் அந்த இடத்தை, பாரா நிற்பவரின் வேலை என்று நினைத்துப் படித்துப் பாருங்கள். அவன் அவளை உள்ளே விடவும் இல்லை, விரட்டவும் இல்லை. ராஜாவிடம் போய்ச் சொல்கிறான்: வந்திருப்பவள் கொற்றவை அல்லள், காளி அல்லள்; ஆனால் கடுங்கோபத்தில் இருக்கிறாள்; கையில் ஒற்றைச் சிலம்பு; "கணவனை இழந்தாள் கடையகத்தாளே". யார், எப்படி இருக்கிறாள், கையில் என்ன, எங்கே நிற்கிறாள், எல்லாம் அதில் வந்துவிடுகிறது. உத்தரவு வந்த பிறகே உள்ளே விடுகிறான். இதைவிட ஒழுங்கான காவல் அறிக்கையை நான் படித்ததில்லை.

இன்றைக்கு வெறும் 'காவலர்' என்று சொல்லிவிட முடியாது. போலீஸ்காரர் எல்லாருமே காவலர் ஆன பிறகு, அதில் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவரைத் தனியே காட்ட ஒரு சொல் தேவைப்பட்டது. அதனால்தான் 'பாரா காவலர்' என்ற இரட்டைச் சொல் நிலைத்தது என்பது என் எண்ணம். ஈழத்தமிழர் பேச்சில் ஆங்கிலச் சொல்லே 'சென்றி' ஆகிவிட்டது. நிற்கும் இடத்துக்கு மட்டும் 'காவலரண்' என்ற அழகான தமிழ். ரோந்துக்குச் 'சுற்றுக்காவல்' என்று எழுதுகிறோம் அல்லவா, அதற்கு இணையாகப் பாராவுக்கு 'நிலைக்காவல்' என்று எழுதலாம். இரவுக்கு மட்டும் என்றால் யாமக்காவல் தயாராக இருக்கிறது. பேச்சில் பாரா இருந்துவிட்டுப் போகட்டும். நிலையத்தில் போய் 'நிலைக்காவலர் யார் ஐயா?' என்று கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அப்புறம், பாராவில் நிற்பவர் செய்யவே கூடாதது பராக்குப் பார்ப்பது. ஒலி கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் இதுவும் வேறு சொல். வேடிக்கை என்னவென்றால், அரசவையில் கட்டியக்காரன் 'பராக்! பராக்!' என்று கூவினால் கவனம் என்று பொருள். நாம் பராக்குப் பார்த்தால் கவனம் இல்லை என்று பொருள்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம ஊர்ல யாருமே தூங்கலையா மாமா?" என்றான். முல்லைப்பாட்டை எடுத்துக் காட்டினேன். பாசறையில் நள்ளிரவு, மணியோசையும் அடங்கிவிட்டது. தலையில் துணி கட்டி, மேலே போர்த்திக்கொண்டு அரசனைச் சுற்றி வரும் முதிய காவலர்கள், பூத்த அதிரல் கொடி மெல்லிய காற்றுக்கு ஆடுவதுபோல் தூக்கக் கலக்கத்தில் அசைந்து அசைந்து நடக்கிறார்கள். அவர்களுக்கு என்ன தண்டனை என்று நப்பூதனார் எழுதவில்லை.