ஞானப்பல் எடுத்த கையோடு மலை ஏறலாமா?

ஞானப்பல் எடுக்கக் குன்னூர், கோத்தகிரியிலிருந்து கோவைக்கு இறங்குபவர்கள் உண்டு. "பல்லை எடுத்துட்டு அன்னிக்கே மலை ஏறினா ரத்தம் பீறிட்டு வராதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான பயம்தான். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்திலும் ஊட்டி சுமார் 2,240 மீட்டரிலும் இருக்கின்றன. இடையில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. காது அடைப்பதும் அதனால்தான்.

காதுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. பல் எடுத்த குழியோ வாய்க்குள் திறந்தே இருக்கிறது. அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றாகக் குறைவதால், குழியில் உறைந்த ரத்தத்தை வெளியே இழுக்க எதுவும் இல்லை. ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சும்போது வாய்க்குள் மட்டும் அழுத்தம் குறைகிறது. மருத்துவர்கள் ஸ்ட்ராவையும், காறித் துப்புவதையும் தடுப்பது இதற்காகத்தான்.

அந்த ரத்த உறைவை ஏன் இவ்வளவு காக்க வேண்டும்? கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது. சாய்ந்து புதைந்த பல்லை அதிலிருந்து முழுசாக இழுக்க முடியாது. ஈறைத் திறந்து, கொஞ்சம் எலும்பை அகற்றி, பல்லைத் துண்டுகளாக வெட்டி எடுக்கிறார்கள். வேருக்குக் கீழேயே உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. எக்ஸ்ரே பார்க்காமல் கை வைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். பல் போன இடத்தில் எலும்பு திறந்து கிடக்கிறது. அதை மூடுவதும், புதுத் திசு வளரத் தளம் தருவதும் அந்த உறைவுதான். அது சீக்கிரம் கரைந்தாலோ பெயர்ந்தாலோ, சில நாளில் காது வரை இழுக்கும் கடும் வலி தொடங்கும். இதை டிரை சாக்கெட் என்பார்கள். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அப்போது குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள். அந்த மருந்துகள் பலவற்றில் இருக்கும் யூஜினால், குன்னூர் மலைப்பாதையிலுள்ள நம் பர்லியார் பண்ணையில் விளையும் கிராம்பின் எண்ணெயில் இருப்பதுதான்.

ஊசியால் வாய் மரத்துப்போன தன்மை சில மணி நேரம் நீடிக்கும். வழியில் சூடான டீ வேண்டாம். உதடு வெந்தாலும் தெரியாது.

மேல் ஞானப்பல் விஷயம் வேறு. அதன் வேர்கள் மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் சைனஸ் என்ற காற்றறையை ஒட்டியிருக்கும். சிலருக்குப் பல் எடுக்கும்போது அங்கே துவாரம் விழும். சளியால் மூக்கும் அடைத்திருந்தால் அந்த அறைக்கு அழுத்த மாற்றம் ஒத்துக்கொள்ளாது. மேல் பல் எடுத்தவர்கள் எப்போது மலை ஏறலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தாதீர்கள்.