ஜெராக்ஸ் கடைக்காரர்கிட்ட உங்க ஆதார் எத்தனை காப்பி இருக்கு? மாஸ்க்டு ஆதார், விஐடி, கைரேகை லாக் பத்தி கொஞ்சம்

போன மாசம் வாடகை அக்ரிமெண்ட் பிரிண்ட் எடுக்க எங்க தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். சுவத்துல ஒரு வாட்ஸ்அப் நம்பர் ஒட்டியிருக்கும், அதுக்கு ஃபைல் அனுப்பினா அவரு கம்ப்யூட்டர்ல டவுன்லோட் பண்ணி பிரிண்ட் போட்டுக் குடுப்பாரு, எல்லா ஊர்லயும் இதே கதைதான். என் ஃபைலைத் தேட டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் தொறந்தாரு பாருங்க, ஸ்கிரீன் முழுக்க வரிசையா ஆதார். ஒரு பாட்டி, யூனிஃபார்ம் போட்ட ஒரு பையன், ரெண்டு பாஸ்புக் முதல் பக்கம், நடுவுல யாரோட பிறப்புச் சான்றிதழோ. ரெண்டு வருஷத்து ஃபைலாவது இருக்கும். மனுஷன் தப்பானவர் கிடையாது, டெலீட் பண்ண அவருக்கு நேரமில்ல, அவ்ளோதான். நானும் அதே கடைக்கு எத்தனை தடவை ஆதார் அனுப்பியிருக்கேன்னு யோசிச்சா வயித்தக் கலக்குச்சு.

பிரைவசின்னு பேச்செடுத்தா உடனே பாஸ்வேர்டு மாத்து, ஆப் பர்மிஷன் பாருன்னு ஆரம்பிச்சிடுவோம், அதெல்லாம் சரிதான், ஆனா நம்ம ஊர்ல தகவல் அதிகமா ஒழுகுறது இந்த மாதிரி எடத்துலதான். இதுக்கு அரசாங்கமே காசில்லாம சில வசதி குடுத்து வெச்சிருக்கு, பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் செய்றதில்ல.

மொதல்ல மாஸ்க்டு ஆதார். ஆதார்ல இருக்கிற 12 நம்பர்ல முதல் 8 நம்பரை மறைச்சிட்டு கடைசி 4 மட்டும் காட்டுற இ-ஆதார் இது. போட்டோ, பேரு, அட்ரஸ் எல்லாம் அப்படியே இருக்கும், ஆதாரை நடத்துற அரசு அமைப்பான யுஐடிஏஐ குடுக்கிறதுதான், செல்லாத காப்பின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எடுக்கிறது எப்படின்னா, மைஆதார் வெப்சைட்ல ஆதார் நம்பரும் மொபைலுக்கு வர்ற ஓடிபியும் போட்டு உள்ள போங்க, டவுன்லோட் ஆதார்னு இருக்கும், அதுல மாஸ்க்டு ஆதார் வேணுமான்னு ஒரு சின்ன கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணிட்டு டவுன்லோட் குடுங்க. டிக் பண்ண மறந்தா முழு நம்பரோடதான் வரும், நானே ரெண்டு தடவை அப்படி எடுத்திருக்கேன்.

பிடிஎஃப் தொறக்க பாஸ்வேர்டு கேக்கும். ஆதார்ல இருக்கிற பேரோட முதல் நாலு எழுத்து, இங்கிலீஷ் பெரிய எழுத்துல, கூடவே பிறந்த வருஷம். நம்மாளுங்க மாட்டுறது இனிஷியல்லதான். பேரு பி டாட் குமார்னு இருந்தா, பி, அப்புறம் அந்தப் புள்ளி, அப்புறம் கே, யு, இந்த நாலுதான் கணக்கு, புள்ளியும் ஒரு எழுத்து. இனிஷியலை விட்டுட்டு பேரை மட்டும் போட்டுப் பாத்து, "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு"ன்னு எனக்கு ஃபோன் பண்ணவங்க உண்டு. இன்னொண்ணு, இந்த பாஸ்வேர்டை பெரிய பூட்டுன்னு நெனச்சுக்காதீங்க, உங்க பேரும் பிறந்த வருஷமும் தெரிஞ்ச எவனும் தொறந்துடலாம். அதோட ஃபைலை அனுப்பிட்டு அடுத்த மெசேஜ்லயே பாஸ்வேர்டையும் டைப் பண்ணி அனுப்புறோமே, அந்தக் கூத்தை என்ன சொல்றது.

லாட்ஜ், ஹாஸ்டல், வீட்டு ஓனர், அபார்ட்மெண்ட் கேட், கொரியர், இங்கெல்லாம் மாஸ்க்டு போதும். ஆதாரே குடுக்கணும்னும் இல்ல, டிரைவிங் லைசென்ஸ், வோட்டர் ஐடி இருந்தா அதைக் காட்டலாம். 2018 செப்டம்பர் 26ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் குடுத்த ஆதார் தீர்ப்புல, தனியார் கம்பெனிங்க ஆதாரைக் கட்டாயமா கேக்கிறதுக்கு வழி விட்ட பிரிவை அடிச்சிட்டாங்க. பேங்க் அக்கவுண்டுக்கும் சிம்முக்கும் ஆதார் இணைச்சே ஆகணும்ங்கிறதும் அதோட போச்சு. அடுத்த வருஷம் சட்டத்தைத் திருத்தி, நீங்களா விருப்பப்பட்டுக் குடுத்தா பேங்கும் டெலிகாமும் வாங்கிக்கலாம்னு கொண்டு வந்தாங்க. "விருப்பப்பட்டு"ங்கிறதுதான் அதுல முக்கியமான வார்த்தை, கவுண்டர்ல நிக்கும்போது அந்த வார்த்தை காணாமப் போயிடுது. முழு நம்பர் நெஜமாவே வேண்டிய எடமும் இருக்கு, ரேஷன், அரசு மானியம், உதவித்தொகை, பான் கார்டு இணைக்கிறது, அங்க போய் மாஸ்க்டுதான் தருவேன்னு சண்டை போடாதீங்க.

இதுல ஒரு கூத்து நடந்துச்சு. 2022 மே மாசம் யுஐடிஏஐயோட பெங்களூரு ஆபீஸ், யாருக்கும் ஆதார் ஜெராக்ஸ் குடுக்காதீங்க, மாஸ்க்டு குடுங்க, பிரவுசிங் சென்டர்ல இ-ஆதார் எடுத்தா அந்த காப்பியை அழிச்சிட்டு வாங்கன்னு ஒரு அறிக்கை விட்டுச்சு. நாடு முழுக்க பரபரப்பு. ரெண்டே நாள்ல மத்திய அரசு, மக்கள் தப்பா புரிஞ்சுக்குவாங்கன்னு சொல்லி அதை வாபஸ் வாங்கிடுச்சு. அறிக்கைதான் போச்சு, மாஸ்க்டு வசதி இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு. என்னைக் கேட்டா அந்த அறிக்கையில தப்பா புரிஞ்சுக்க ஒண்ணுமே இல்ல.

அடுத்தது விஐடி, அதாவது விர்ச்சுவல் ஐடி. ஆதாருக்குப் பதிலா குடுக்கக்கூடிய 16 நம்பர், 2018ல வந்துச்சு. ஆதார் நம்பர் ஆயுசுக்கும் ஒண்ணுதான், இதை வேணும்போது மாத்திக்கலாம், புதுசு எடுத்தா பழசு செத்துடும், விஐடியை வெச்சு ஆதார் நம்பரைக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்மார்ட்ஃபோன் கூட வேணாம், ஆதார்ல இருக்கிற மொபைல்ல இருந்து ஜி, வி, ஐ, டின்னு இங்கிலீஷ்ல நாலு எழுத்து, ஒரு ஸ்பேஸ், ஆதாரோட கடைசி 4 நம்பர், இதை 1947க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா விஐடி திரும்ப வரும். ஆதார் வெச்சு ஓடிபி போட்டு வெரிஃபை பண்ற எடத்துல, அந்தக் கட்டத்துல விஐடியும் எடுத்துக்கும்னு போட்டிருந்தா இதையே போடுங்க.

இப்ப சொல்லப்போறதுதான் ரொம்ப முக்கியம், கைரேகை லாக். கிராமத்துப் பக்கம் பேங்குக்கு பதிலா சின்ன மெஷின் வெச்சுக்கிட்டு ஒருத்தர் பணம் எடுத்துக் குடுப்பாரு பாத்திருப்பீங்க, ஆதார் நம்பர், பேங்க் பேரு, விரல் ரேகை, மூணும் இருந்தா போதும், ஓடிபி கிடையாது, ஏடிஎம் கார்டு கிடையாது, ஒரு தடவைக்கு 10,000 ரூபா வரைக்கும் எடுக்கலாம். வயசானவங்களுக்கு இது வரப்பிரசாதம், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா சில வருஷத்துக்கு முன்னாடி தெலங்கானா, ஹரியானா, கர்நாடகா பக்கம் என்ன ஆச்சுன்னா, நிலப் பத்திரப் பதிவு டாக்குமெண்ட்ல இருக்கிற கைரேகையை எடுத்து சிலிக்கான், ரப்பர் மாதிரி எதுலயோ அச்சு வார்த்து, அதே பத்திரத்துல ஆதார் நம்பரும் இருக்கிறதால, ரெண்டையும் வெச்சு பணத்தை உருவிட்டாங்க. வீடு வாங்கினவன் தன் கையாலேயே ரெண்டையும் ஒரே தாள்ல வெச்சுக் குடுத்த மாதிரிதான். பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், விரலை மாத்த முடியுமா?

அதனாலதான் லாக். மைஆதார்ல உள்ள போனா பயோமெட்ரிக் லாக் இருக்கும், போட்டுட்டா உங்க கைரேகை, கருவிழி, முகம் எதை வெச்சும் யாரும் ஆதார் வெரிஃபை பண்ண முடியாது, ஓடிபி மட்டும் வழக்கம்போல வேலை செய்யும். தேவைப்படும்போது தற்காலிகமா தொறந்தா சில நிமிஷத்துல அதுவா திரும்பப் பூட்டிக்கும். ஒரேயடியா எடுக்கவும் செய்யலாம்.

இதுல நான் பண்ணின கூத்தையும் சொல்லிடறேன். இந்த வேகத்துல அம்மாவோட ஆதாருக்கும் லாக் போட்டுட்டு அவங்ககிட்ட சொல்லவே மறந்துட்டேன். அடுத்த வாரம் ரேஷன் கடையில விரல் வெச்சா எரர், தொடைச்சுட்டு வெச்சா எரர், இன்னொரு விரல், அதுவும் எரர். பின்னாடி முப்பது பேர் கியூ. பாத்திரம் தேச்சுத் தேச்சு ரேகை அழிஞ்சுடுச்சும்மான்னு கடைக்காரர் சொல்ல, அம்மாவும் நம்பிட்டு வெறும் பையோட வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. விஷயம் தெரிஞ்சதும் எனக்கு விழுந்த திட்டு தனிக்கதை, "எனக்குத் தெரியாம என் கையவே பூட்டி வெச்சியாடா"ன்னு. நியாயமான கேள்விதான். அதனால ரேஷனுக்கோ பென்ஷனுக்கோ மாசாமாசம் விரல் வெக்கிறவங்களுக்கு அவங்ககிட்ட சொல்லாம லாக் போடாதீங்க, போட்டா கடைக்குப் போய் கியூ பக்கத்துல வந்ததும் தொறக்க வீட்டுல ஒரு ஆள் இருக்கணும். மத்தவங்க இப்பவே போட்டுடலாம்.

அதே சைட்ல ஆத்தென்டிகேஷன் ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்கும், கடைசி ஆறு மாசத்துல உங்க ஆதாரை யார் எப்ப எந்த முறையில வெரிஃபை பண்ணினாங்கன்னு காட்டும். நாம எங்கயும் போகாத தேதியில கைரேகைன்னு ஒரு என்ட்ரி இருந்தா உடனே பேங்க் அக்கவுண்டைப் பாருங்க. பணம் போயிருந்தா சைபர் மோசடிக்கான 1930க்கு ஃபோன், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்தி வெக்கப் பாப்பாங்க.

ஜெராக்ஸ் எடுத்தவன் இன்னொண்ணும் பண்ணலாம், உங்க பேர்ல சிம் வாங்கலாம். மத்திய டெலிகாம் துறையோட சஞ்சார் சாத்தி வெப்சைட்ல உங்க மொபைல் நம்பரும் ஓடிபியும் போட்டா உங்க பேர்ல இருக்கிற எல்லா நம்பரையும் காட்டும். ஒருத்தர் பேர்ல 9 சிம் வரைக்கும் இருக்கலாம், ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்குல 6. எங்க அப்பா பேர்ல பாத்தா நாலு இருந்துச்சு, ஒண்ணு அவரோடது, ஒண்ணு என்னோடது, ஒண்ணு தங்கச்சி காலேஜ் படிக்கும்போது வாங்கினது, நாலாவது யாருக்கும் தெரியல. ஒரு தடவை ஒரு கடையில ரேகை சரியா விழலன்னு ரெண்டு தடவை விரல் வெக்கச் சொன்னாங்கன்னு அப்பா இப்பதான் சொல்றாரு, அதுதானான்னு நிரூபிக்க வழியில்ல. அந்த நம்பருக்கு நேரா "என் நம்பர் இல்ல"ன்னு டிக் பண்ணி ரிப்போர்ட் குடுத்தோம், நீங்களும் அதையே பண்ணுங்க. பழசாகி வேணாம்னு ஆனதுக்குத் தனி ஆப்ஷன் இருக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட்ல பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க"ன்னு கேப்பாங்க இல்ல, குடுக்கணும்னு அவசியமே கிடையாது. நம்பர் குடுத்தாதான் பில்லுன்னு வற்புறுத்தக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாசமே சொல்லிடுச்சு. "நம்பர் இல்லாம சிஸ்டம் எடுக்காது சார்"னு அந்தப் பொண்ணு சொல்லும், பாவம் அதைக் கோவிச்சு என்ன ஆகப்போகுது, மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க, சிஸ்டம் எடுத்துக்கும். ஏற்கனவே குடுத்துக் குடுத்து விளம்பர கால் தாங்கலன்னா 1909க்கு ஃபோன் பண்ணி டிஎன்டி, அதாவது தொந்தரவு பண்ணாதேன்னு போடலாம், ஓரளவு குறையும், முழுசா நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.

சரி, வாங்கி வெச்சவங்களைத் தட்டிக் கேக்க சட்டம் இல்லையான்னா, இருக்கு, டிபிடிபிங்கிற டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2023 ஆகஸ்ட்ல வந்துச்சு, அதுக்கான விதிகள் 2025 நவம்பர்லதான் வெளியாச்சு, அதுலயும் கம்பெனிங்களுக்கான முக்கியமான கட்டுப்பாடுகள் அதுல இருந்து 18 மாசம் கழிச்சு, 2027 மே வாக்குலதான் நடைமுறைக்கு வரும். வந்ததும் உங்க தகவல் என்னென்ன வெச்சிருக்கீங்கன்னு கேக்கலாம், திருத்தச் சொல்லலாம், வேண்டாம்னா அழிக்கச் சொல்லலாம், அபராதம் 250 கோடி வரைக்கும் போகும். எனக்குப் பிடிச்சது ஒண்ணு, தகவல் வாங்கும்போது எதுக்கு வாங்குறோம்னு சொல்ற நோட்டீஸை இங்கிலீஷ்லயோ அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில இருக்கிற 22 மொழியில எதுலயோ படிக்கிற வசதி தரணும், தமிழும் அதுல உண்டு. ஐ அக்ரீயைக் கண்ணை மூடிக்கிட்டு அமுக்குற நம்ம அப்பா அம்மா ஒரு தடவையாவது படிச்சுப் பாப்பாங்களான்னு பாக்கலாம். ஆனா இதே சட்டம் ஆர்டிஐல, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, தனிநபர் தகவல் பத்தின பிரிவையும் மாத்துது, அரசு ஊழியர் பத்தி தகவல் கேட்டா இதைக் காட்டி மறுத்துடுவாங்கன்னு ஆர்டிஐ ஆளுங்க கடுப்புல இருக்காங்க, அது வேற சண்டை.

மேல சொன்ன ஆதார் வேலைக்கெல்லாம் ஆதார்ல இப்ப நீங்க வெச்சிருக்கிற மொபைல் நம்பர் இருக்கணும், இல்லன்னா ஓடிபி எவனோ ஒருத்தனுக்குப் போகும். பழைய நம்பரை ரீசார்ஜ் பண்ணாம விட்டா கம்பெனி அதை வேற ஆளுக்குக் குடுத்துடும், அது நெறைய பேருக்குத் தெரியாது. நம்பர் மாத்த ஆதார் சென்டர், இல்லன்னா போஸ்ட் ஆபீஸ்க்கு நேர்ல போயிடுங்க, 2025 அக்டோபர்ல இருந்து 75 ரூபா ஆக்கிட்டாங்க, ரசீது கேட்டு வாங்குங்க. ஜெராக்ஸ் எதுவும் எடுத்துட்டுப் போக வேணாம், விரல் வெச்சா போதும், அம்மாவுக்கு மாதிரி லாக் போட்டு வெச்சிருந்தா மட்டும், பழைய நம்பர் கையில இருக்கும்போதே மொதல்ல அதைத் தொறந்துட்டுப் போங்க.