640 வாக்கில் தொடங்கியவர் வென்றது எப்படி? ஸ்காட்லாந்து உள்ளாட்சித் தேர்தலின் கணக்கு

2003ஆம் ஆண்டு மே மாதம் கிளாஸ்கோ மாநகர கவுன்சிலுக்கு நடந்த தேர்தலில் லேபர் கட்சி பெற்ற வாக்குகள் மொத்தத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அது பெற்ற இடங்களோ 79இல் 71. மீதிப் பாதி வாக்காளர்களுக்கு எஞ்சியவை எட்டே இடங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2007இல், அதே நகரத்தில் அதே 79 இடங்களுக்கு மீண்டும் தேர்தல் நடந்தபோது லேபர் 45, ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 22, பசுமைக் கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் தலா 5, கன்சர்வேட்டிவ் கட்சியும் சாலிடாரிட்டி கட்சியும் தலா 1 என இடங்கள் பிரிந்தன. லேபரின் வாக்கு விகிதம் இடையில் சில புள்ளிகள் இறங்கியது உண்மைதான். ஆனால் 26 இடங்களை ஒரேயடியாக இழக்கும் அளவுக்கு அது சரியவில்லை. மக்களின் மனத்தைக் காட்டிலும் வாக்குகளை எண்ணும் முறையே பெரிதும் மாறியிருந்தது.

அந்தப் புதிய முறையின் பெயர் ஒற்றை மாற்று வாக்கு. ஸ்காட்லாந்துக்கு அது முற்றிலும் புதியதும் அல்ல. 1919 முதல் ஏறத்தாழ பத்தாண்டு காலம் அங்கு கல்வி அதிகார அவைகள் இந்த முறையில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்த அவைகள் கலைக்கப்பட்டபோது முறையும் மறைந்தது. 1999இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் உருவானதை ஒட்டி உள்ளாட்சி பற்றி ஆராய அமைக்கப்பட்ட மெக்கின்டாஷ் ஆணையம், வாக்குகளின் அளவுக்கு ஏற்ப இடங்கள் கிடைக்கும் விகிதாசார முறை வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு கெர்லி குழு ஒற்றை மாற்று வாக்கையே குறிப்பிட்டுப் பரிந்துரைத்தது. 2003இல் நடந்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பின் லேபருடன் கூட்டணி ஆட்சி தொடர லிபரல் டெமாக்ரட்டுகள் வைத்த நிபந்தனைகளில் இது முக்கியமானது. 2004இல் சட்டம் நிறைவேறி, 2007 முதல் 32 கவுன்சில்களிலும் நடைமுறைக்கு வந்தது.

முன்பு ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என்று இருந்தது. இப்போது பெரும்பாலான வார்டுகளில் மூவர் அல்லது நால்வர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். 2020இல் வந்த சட்டம் இரண்டு முதல் ஐந்து வரை இருக்கலாம் என்று தளர்த்தியது. வாக்காளர் வாக்குச்சீட்டில் பெருக்கல் குறி போடுவதில்லை. தனக்கு மிகவும் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கும் அடுத்தவருக்கு 3 என்று எண் எழுதுகிறார். எத்தனை பேருக்கு எழுதலாம் என்பது அவர் விருப்பம். 1 என்று மட்டும் எழுதி நிறுத்தினாலும் சீட்டு செல்லும். எத்தனை எண்கள் எழுதினாலும் அவரிடம் இருப்பது ஒரே ஒரு வாக்குதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2, 3 ஆகிய எண்கள் கூடுதல் வாக்குகள் அல்ல. அந்த ஒரு வாக்கு முதல் இடத்தில் பயன்படாமல் போனால் எங்கே போக வேண்டும் என்று எழுதிவைத்த முகவரிகள் அவை.

வெற்றி பெற எத்தனை வாக்குகள் வேண்டும் என்பதற்கு ஒரு கோட்டா உண்டு. செல்லத்தக்க வாக்குகளின் எண்ணிக்கையை, நிரப்ப வேண்டிய இடங்களைவிட ஒன்று கூடுதலான எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, ஒன்றைக் கூட்டினால் அது கிடைக்கும். மூன்று இடங்கள் உள்ள வார்டில் 6,000 வாக்குகள் விழுந்தால் 6,000ஐ நான்கால் வகுத்து 1,500, ஒன்று கூட்ட 1,501. மூன்றால் வகுத்து 2,000 என்று வைத்தால் என்ன என்று பலருக்கும் தோன்றும். மூவர் தலா 1,501 பெற்றுவிட்டால் 4,503 வாக்குகள் தீர்ந்துவிடும். மிஞ்சும் 1,497இல் நான்காவது ஒருவர் 1,501ஐத் தொடவே முடியாது. மூவரை மட்டும் உறுதியாகத் தேர்ந்தெடுக்கப் போதுமான மிகச் சிறிய எண் 1,501 என்றால், அதற்கு மேல் கேட்பது வீண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கணக்கிட்டுக் காட்டிய ஆங்கிலேயர் ஹென்றி டிரூப்பின் பெயரால் இது டிரூப் கோட்டா எனப்படுகிறது.

தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறொரு வடிவில் பழக்கமானது. மாநிலங்களவைக்கு ஆறு இடங்கள் காலியாகும்போது ஓர் இடத்துக்கு 34 சட்டமன்ற உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும் என்று எழுதுகிறார்களே, அந்த 34 இதே சூத்திரத்தில் பிறந்ததுதான்: 234ஐ ஏழால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் வருவது. மாநிலங்களவைத் தேர்தலும் ஒற்றை மாற்று வாக்கு முறையில்தான் நடக்கிறது. ஆனால் அங்கே வாக்களிப்போர் சில நூறு பேர். பெரும்பாலும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள். பல தேர்தல்களில் போட்டியே இல்லாமல் முடிந்துவிடும். ஆகவே முறையின் முழு ஓட்டத்தையும் பார்க்க ஸ்காட்லாந்தின் வார்டுகளே நல்ல இடம்.

ஒரு கற்பனை வார்டை எடுத்துக்கொள்வோம். மூன்று இடங்கள், 6,000 வாக்குகள், கோட்டா 1,501. போட்டியிடுபவர்கள் ஆறு பேர். முதல் கட்சி ஆண்டர்சன், வில்சன் என்ற இருவரை நிறுத்துகிறது. கேம்பல், ஃபிரேசர், மர்ரே ஆகியோர் வேறு மூன்று கட்சிகளின் வேட்பாளர்கள், ஸ்டூவர்ட் சுயேச்சை. முதல் விருப்ப வாக்குகளை எண்ணும்போது ஆண்டர்சன் 2,101, கேம்பல் 1,420, ஃபிரேசர் 980, வில்சன் 640, மர்ரே 560, ஸ்டூவர்ட் 299. பழைய பழக்கத்தில் பார்ப்பவர் முதல் மூன்று பெயர்களை எழுதிக்கொண்டு எழுந்து போய்விடுவார். அப்படிப் போனால் மூன்றாவது பெயர் தவறாகிவிடும்.

ஆண்டர்சன் கோட்டாவைத் தாண்டிவிட்டார்; அவர் வென்றார். அவருக்குத் தேவைக்கு மேல் 600 வாக்குகள் இருக்கின்றன. ஒரு வயல் நிரம்பினால் மடை திறந்து நீர் அடுத்த வயலுக்குப் போவதுபோல இந்த உபரி அடுத்த விருப்பங்களுக்குப் போக வேண்டும். ஆனால் 2,101 சீட்டுகளில் எந்த 600ஐ உபரி என்று சொல்வது? கட்டின் மேலே இருக்கும் 600ஐ எடுத்தால் அது தற்செயலைப் பொறுத்ததாகிவிடும். அயர்லாந்தின் நாடாளுமன்றத் தேர்தலில் இன்றும் உபரிக்கு ஈடான முழுச் சீட்டுகளைக் கட்டிலிருந்து எடுத்துத்தான் மாற்றுகிறார்கள். ஸ்காட்லாந்து வேறு வழியைத் தேர்ந்தது: 2,101 சீட்டுகளும் நகரும், ஆனால் ஒவ்வொன்றும் தன் மதிப்பில் ஒரு பகுதியுடன் மட்டுமே நகரும். 600ஐ 2,101ஆல் வகுத்து, ஐந்து தசம இடங்களோடு வெட்டினால் 0.28557. ஒவ்வொரு வாக்காளரும் தன் வாக்கில் ஏறத்தாழ 71 சதவீதத்தை ஆண்டர்சனுக்குச் செலவழித்துவிட்டார். மிச்சம் 29 சதவீதம் அவருடைய இரண்டாம் விருப்பத்துக்குப் போகிறது. ஒரே வேட்பாளரை விரும்பிய 2,101 பேரும் ஒரே அளவாக நடத்தப்படுகிறார்கள். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. அந்த ஐந்து தசம இடங்களுக்குள் ஒரு நேர்மை இருக்கிறது.

ஆண்டர்சனின் சீட்டுகளில் 1,500இல் வில்சனுக்கு 2 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 1,500ஐ 0.28557ஆல் பெருக்கினால் 428. வில்சன் 1,068க்கு உயர்கிறார். மற்றவர்களுக்கும் சிறிது சிறிதாகச் சேர்ந்து கேம்பல் 1,454, ஃபிரேசர் 1,026, மர்ரே 611, ஸ்டூவர்ட் 311. வேறு எவரும் கோட்டாவைத் தொடாததால் கடைசியில் இருக்கும் ஸ்டூவர்ட் நீக்கப்படுகிறார். அவருடைய சீட்டுகள் கையில் உள்ள மதிப்போடு அடுத்த விருப்பங்களுக்குப் பிரிகின்றன. இப்போது கேம்பல் 1,496, ஃபிரேசர் 1,139, வில்சன் 1,117, மர்ரே 673. ஃபிரேசர் மீண்டும் வில்சனை முந்திவிட்டார். அடுத்து மர்ரே நீக்கப்படுகிறார். அவருடைய ஆதரவாளர்களில் பலர் வில்சன் பக்கம் சாய்ந்திருந்தால், 330 வாக்கு மதிப்பு வில்சனுக்கும் 110 கேம்பலுக்கும் 80 ஃபிரேசருக்கும் போகும். எஞ்சிய 153 அடுத்த எண் எழுதப்படாத சீட்டுகளோடு நின்றுவிடும். கேம்பல் 1,606உடன் வெல்கிறார். வில்சன் 1,447, ஃபிரேசர் 1,219. கேம்பலின் உபரியான 105ஐப் பிரிக்கும்போது கடைசியாக வந்த சீட்டுகள் மட்டுமல்லாமல் அவருடைய கட்டில் உள்ள எல்லாச் சீட்டுகளும் மறுபடி சுருங்கி நகரும். அதில் 50 ஃபிரேசருக்கும் 30 வில்சனுக்கும் போனாலும் 1,477க்கு எதிரே 1,269. ஃபிரேசர் நீக்கப்பட, எஞ்சியிருக்கும் ஒரே வேட்பாளரான வில்சன் கோட்டாவை எட்டாமலேயே மூன்றாம் இடத்தைப் பெறுகிறார்.

640 வாக்கோடு நான்காவதாக நின்றவர் 980 பெற்றவரை முந்தியது அநியாயம் என்று முதல் பார்வைக்குத் தோன்றலாம். ஃபிரேசருக்கு 1 போட்டவர்கள் அதிகம். ஆனால் அவரைத் தங்கள் இரண்டாவது, மூன்றாவது தேர்வாகவாவது ஏற்கத் தயாராக இருந்தவர்கள் குறைவு. முதல் கட்சியின் இரு வேட்பாளர்களும் சேர்ந்து பெற்றவை 2,741, அதாவது 46 சதவீதம். மூன்றில் இரண்டு இடம் சற்றுக் கூடுதல்தான், ஆனால் மூன்று இடங்கள் மட்டுமே உள்ள வார்டில் அதைவிட நுணுக்கமாகப் பங்கிட இடமில்லை. விகிதாசாரத்தின் எல்லை அங்கேதான் இருக்கிறது. நான்கு பேர் வார்டில் ஒருவர் வெல்ல வாக்குகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், மூன்று பேர் வார்டில் நான்கில் ஒரு பங்கும் எப்படியாவது வந்து சேர வேண்டும். 2022 தேர்தலில் பசுமைக் கட்சிக்கு நாடு முழுவதும் முதல் விருப்ப வாக்குகளில் 6 சதவீதம் கிடைத்தும் 1,226 இடங்களில் 35 மட்டுமே, அதாவது 3 சதவீதத்துக்கும் குறைவாகவே, கிடைத்தது இதனால்தான். அந்த 35இலும் 20 இடங்கள் கிளாஸ்கோ, எடின்பரோ ஆகிய இரு நகரங்களிலிருந்து வந்தவை.

கணக்கு வார்டு வார்டாக நடப்பதால் இன்னொரு விந்தையும் நேரும். 2007இல் முதல் விருப்ப வாக்குகளில் லேபர் 28.1 சதவீதத்துடன் மயிரிழையில் முன்னே நின்றது. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 27.9. இடங்களிலோ தேசியக் கட்சி 363, லேபர் 348. வாக்களிப்பு வார்டுக்கு வார்டு வேறுபடுகிறது, கோட்டாவும் அதற்கேற்ப வேறுபடுகிறது, மாற்று வாக்குகள் எல்லாக் கட்சிக்கும் ஒரே அளவில் வந்து சேர்வதும் இல்லை.

ஆட்சி அமைப்பதும் மாறிவிட்டது. 2007இல் 32 கவுன்சில்களில் லேபர் தனிப் பெரும்பான்மை பெற்றவை கிளாஸ்கோவும் வடக்கு லானார்க்‌ஷயரும் மட்டுமே. சுயேச்சைகள் மிகுந்த மூன்று தீவுக் கவுன்சில்களைத் தவிர, எஞ்சிய 27இல் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. 2022இல் எடின்பரோவின் 63 இடங்களில் தேசியக் கட்சி 19, லேபர் 13, லிபரல் டெமாக்ரட் 12, பசுமைக் கட்சி 10, கன்சர்வேட்டிவ் 9. முதலிடம் பெற்ற கட்சி வெளியே இருக்க, லிபரல் டெமாக்ரட், கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களின் ஆதரவோடு 13 இடங்கள் கொண்ட லேபர் நிர்வாகப் பொறுப்பேற்றது. வாக்காளர்கள் இதைக் கேட்டுத்தான் வாக்களித்தார்களா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பாதிக்கும் குறைவான வாக்குகளுக்கு 79இல் 71 கொடுத்த முறையிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

முறையில் உள்ள உண்மையான குறை வாக்குச்சீட்டில் இருக்கிறது. வேட்பாளர்களின் பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் அச்சாகின்றன. ஒரு கட்சி இருவரை நிறுத்தினால், அந்தக் கட்சியை விரும்பும் வாக்காளர் மேலிருந்து படித்து வந்து முதலில் காணும் பெயருக்கு 1 போட்டுவிடுகிறார்; கீழே இருப்பவருக்கு 2. 2007 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள். நம் கற்பனை வார்டில் ஆண்டர்சன் 2,101, வில்சன் 640 என்று நான் எழுதியது இதை நினைத்தே. வில்சன் தப்பினார், பல வில்சன்கள் நடுவிலேயே நீங்கிவிடுகிறார்கள். கட்சிகள் வார்டை இரு பகுதியாகப் பிரித்து, இந்தத் தெருக்களில் ஆண்டர்சனுக்கு 1, அந்தத் தெருக்களில் வில்சனுக்கு 1 என்று துண்டறிக்கை கொடுத்துச் சமாளிக்கின்றன. ஒரு மனிதர் பொதுப்பணிக்கு வருவது அவர் பெயரின் முதல் எழுத்தைப் பொறுத்திருக்கக் கூடாது. பெயர் வரிசையைச் சீட்டுக்குச் சீட்டு மாற்றி அச்சிடுவதில் தொல்லைகள் இருந்தாலும் அதைச் செய்யலாம் என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு குறை இடைத்தேர்தல். கவுன்சிலர் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ முழு வார்டும் ஒரே ஓர் இடத்துக்கு வாக்களிக்கிறது. சிறிய கட்சி தன் நான்கில் ஒரு பங்கு ஆதரவால் பெற்ற இடத்தை அப்போது பெரும்பாலும் காக்க முடிவதில்லை. பெரிய கட்சி எடுத்துக்கொள்கிறது. செல்லாத சீட்டுகளோ ஒவ்வொரு தேர்தலிலும் இரண்டு சதவீதத்துக்குள்தான். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றுக்கு மேற்பட்டவரை முதல் விருப்பமாகக் குறித்தவை.

தசமக் கணக்கைக் கையால் போட்டால் நாட்கணக்கில் ஆகும் என்பதால் ஸ்காட்லாந்தில் எண்ணிக்கை தொடக்கம் முதலே இயந்திரத்தில் நடக்கிறது. பெட்டிகளிலிருந்து கொட்டிய சீட்டுகள் ஸ்கேனர் வழியே போகின்றன. 1ஆ 7ஆ என்று ஐயம் தரும் எண்கள் திரையில் தோன்ற, வேட்பாளர்களின் முகவர்கள் பார்த்திருக்க, அதிகாரி முடிவு சொல்கிறார். எல்லாச் சீட்டும் படிக்கப்பட்ட பிறகு சுற்றுகள் அத்தனையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். வெளியாகும் முடிவுத் தாளில் ஒவ்வொரு சுற்றும் ஒரு பத்தியாக, யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போனது என்பது தசமத்தோடு அச்சாகியிருக்கும். அதோடு, யார் போட்டது என்ற அடையாளம் இல்லாமல், எந்த விருப்ப வரிசையில் எத்தனை சீட்டுகள் இருந்தன என்ற முழுப் பட்டியலும் வார்டுவாரியாக வெளியிடப்படுகிறது. ஐயம் உள்ள எவரும் அந்தக் கோப்பை எடுத்து, உபரியை வகுத்து, தன் வார்டின் 0.28557ஐத் தானே கண்டுபிடித்து, கடைசிச் சுற்று வரை எண்ணிப் பார்க்கலாம்.