டீ தூக்கத்தை விரட்டும், படிப்பு ஏறுமா?

காட்பாடியில் கிளினிக் வைத்திருக்கிறேன். செமஸ்டர் நெருங்கினால் கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவரும் புகார் ஒன்றுதான்: "புத்தகத்தைத் திறந்தா மனசு நிக்க மாட்டேங்குது டாக்டர்." சாப்பாட்டைக் கேட்டால் ஒழுங்காகச் சொல்வார்கள். டீயைத் தனியாகக் கேட்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு ஒரு ஸ்ட்ராங் டீ, 1 மணிக்கு ஒரு இன்ஸ்டன்ட் காபி என்று அப்போதுதான் வெளியே வரும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது மூளை செல்களில் தனக்கென்று இருக்கும் இடங்களில் (ஏற்பிகளில்) ஒட்டினால் கண் சொக்கும். டீ, காபியில் இருக்கும் கஃபீன், பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பதுபோல, அங்கே முந்திப்போய் உட்கார்ந்துவிடுகிறது. அசதி தெரியாது, அவ்வளவுதான். அடினோசின் சேர்வது நிற்காது.

குடித்த ஒரு மணி நேரத்துக்குள் விழிப்பும், சட்டென்று பிரேக் போடும் வேகமும் கூடுவது உண்மை. பெங்களூரு சாலையில் லாரி ஓட்டுபவர் டீக்கு நிறுத்துவதில் அர்த்தம் இருக்கிறது. (கூடவே இருபது நிமிஷம் கண்ணயர்ந்தால் இன்னும் நல்லது.) ஆனால் படித்தது மனதில் தங்குவது வேறு விஷயம். அதற்குத் தூக்கம் வேண்டும்.

சிக்கலே அங்கேதான். உடம்பில் போன கஃபீன் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். 11 மணி டீயில் பாதி, விடிகாலை 4 மணிக்கும் உள்ளே இருக்கும். "படுத்தா தூங்கிடறேனே" என்பார்கள். தூங்கலாம், ஆனால் ஆழ்ந்த தூக்கம் குறையும். காலையில் மந்தம், மறுபடி டீ.

ஒரு நாளைக்குக் கஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120, இன்ஸ்டன்டில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் இருக்கும். நம்மூர் கடை கிளாஸ் சின்னது என்பது ஒரு ஆறுதல்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். டிபனோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தசோகை வந்தாலும் கவனம் சிதறும், அதற்கும் டீயையே தேடுவோம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம்.

சரி, எப்படிக் குறைப்பது? முதலில் மதியம் 3 மணிக்கு மேல் குடிப்பதை நிறுத்துங்கள். அப்புறம் மற்றதை ஒவ்வொன்றாக. ஒரேயடியாக விட்டால் மறுநாளே தலைவலி பிடிக்கும், ஒரு வாரம்வரைகூட இழுக்கும். அதற்குப் பயந்து நேராக ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம்.