டர்பன் பூங்காவின் அமைதி எங்கிருந்து வருகிறது?

டர்பன் நகரின் வார்விக் சந்திப்பில், அதிகாலைச் சந்தையின் நெரிசலையும் டாக்சி வேன்களின் ஹாரன் ஒலியையும் கடந்து பெரியா மேட்டின் அடிவாரத்துக்கு வருபவர்களுக்கு அங்குள்ள தாவரவியல் பூங்கா வேறோர் ஊராகவே தோன்றும். 1849இல் தொடங்கப்பட்ட இது, ஆப்பிரிக்காவில் இன்றும் நிலைத்திருக்கும் தாவரவியல் பூங்காக்களில் மிகப் பழையது. காலனிக்கு ஏற்ற பயிர்கள் எவை என்று சோதித்துப் பார்க்கவே இதை அமைத்தார்கள். சோதிக்கப்பட்ட பயிர்களில் கரும்பும் ஒன்று. அந்தக் கரும்புத் தோட்டங்களுக்காகத்தான் 1860இல் நம் முன்னோர் சென்னையில் கப்பலேறினர்.

மரங்கள்தான் சத்தத்தைத் தடுக்கின்றன என்று பலரும் நம்புகிறார்கள். இலைகள் கீச்சொலிகளை ஓரளவு சிதறடிக்கும். எஞ்சினின் தாழ்ந்த உறுமலோ அவற்றினூடே எளிதாக நுழைந்துவிடும். அமைதியில் பெரும்பங்கு தூரத்துக்கும் மண்ணுக்கும் உரியது. வாகனங்கள் ஓயாமல் ஓடும் சாலையிலிருந்து நாம் விலகும் தூரம் இருமடங்காகும்போதெல்லாம் இரைச்சல் ஏறக்குறைய 3 டெசிபல் குறைகிறது. மரத்தடி மண்ணைக் கையால் கிளறினால் சருகும் வேர்நாரும் மண்புழு துளைத்த வழிகளும் தெரியும். ஒலியலை அந்த நுண்துளைகளுக்குள் புகும்போது, அங்குள்ள காற்று துளைச் சுவர்களில் உராய்ந்து, ஒலியின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. தார்ச்சாலையோ ஒலியைத் திருப்பியடிக்கும்.

எஞ்சிய இரைச்சலை இலைச் சலசலப்பும் பறவை ஒலியும் மூடிமறைக்கின்றன. ஹடீடா அரிவாள்மூக்கனின் கூச்சல் சிறிதும் மென்மையானதன்று. ஆனாலும் பூங்காவில் அதை யாரும் இரைச்சலாக எண்ணுவதில்லை. விடியற்காலையில் வீட்டுக் கூரைமேல் அமர்ந்து அது கத்துவது வேறு கதை.

குளிர்ச்சியின் கணக்கு வேறு. இலைத்துளைகள் வழியே ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. கெட்டிலில் ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல் இது ஏழு மடங்கு. ஆனால் டர்பனின் கோடைக் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருப்பதால், அந்த வழியில் கிடைக்கும் குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. அங்கே உடலுக்குச் சுகம் தருவது முதன்மையாக நிழலே: நேர்வெயிலும் சுட்டுக்கிடக்கும் தரையின் வெப்பக்கதிரும் நம்மேல் படாததால், காற்றின் வெப்பநிலை ஓரிரண்டு பாகை மட்டுமே குறைந்திருந்தாலும் உடல் அதைவிடப் பெரிய வேறுபாட்டை உணர்கிறது. தெளிந்த வானமுள்ள இரவில் நிலைமை தலைகீழாகிவிடும். திறந்த புல்வெளி தன் வெப்பத்தை நேரே வானுக்கு இழந்து விரைவில் குளிர்ந்துபோக, அடர்ந்த மரக்கூரையின் அடியில் பகலின் வெம்மை இன்னும் சற்று நேரம் தங்கியிருக்கும்.