காந்தப் பொடியில் ஒட்டிய குரோமியம் எங்கே போகும்?

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் நானோ காந்தப் பொருட்களில் ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், அந்தக் கறுப்புப் பொடியைப் போட்டால் போர்வெல் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?" பீக்கரில் ஆகும். போர்வெல்லுக்கு அதே பதிலைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பொடி செய்வது சுலபம். ஃபெரஸ், ஃபெரிக் என்ற இரண்டு வகை இரும்பு உப்புகளை 1:2 விகிதத்தில் கரைத்து, கலக்கிக்கொண்டே அம்மோனியா விட்டால், ஆரஞ்சுக் கரைசல் கண்ணெதிரே கறுத்துவிடும். அதுதான் மேக்னடைட், காந்தத்தன்மை உள்ள இரும்பு ஆக்சைடு. துகள் ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர். ஒரு கிராம் பொடியிலேயே மேற்பரப்பு ஏராளம் என்பதால், தண்ணீரில் கரைந்திருக்கும் குரோமேட் (குரோமியத்தின் நச்சு வடிவம்) அதில் ஒட்டிக்கொள்கிறது. பீக்கர் ஓரமாகக் காந்தத்தை வைத்தால் கறுப்பு முழுவதும் ஒதுங்கும், பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

நான் பார்ப்பது மிச்சத் தண்ணீரை. அதில் லேசான பழுப்பு நின்றால், மிகச் சிறிய துகள்கள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. காந்தம் இழுக்கும் விசை துகளின் கன அளவைப் பொறுத்தது. 100 நானோமீட்டர் துகளோடு ஒப்பிட்டால் 10 நானோமீட்டர் துகளுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். சிறியதாகச் செய்யச் செய்ய நல்லது என்ற பேச்சு இந்த இடத்தில் எடுபடாது.

அடுத்து, எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் டைகுரோமேட் என்ற குரோமிய உப்பைக் கரைத்து, அமிலம் சேர்த்திருப்பார்கள். அமிலத்தில் துகளின் மேற்பரப்பு நேர்மின்னூட்டம் பெறுவதால் குரோமேட்டை நன்றாக இழுக்கும். பாலாற்றங்கரைக் கிணற்று நீர் அப்படியில்லை. சல்பேட்டும் பைகார்பனேட்டும் அதே இடத்துக்குப் போட்டி போடும்.

டேனரிக் கழிவையும் இதோடு குழப்பக் கூடாது. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம், குரோமேட் அல்ல. மெக்னீசியம் ஆக்சைடு போட்டு வீழ்படிவாக்கி, அமிலத்தில் கரைத்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் காந்தம் எதற்கு? ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் இருப்பது அறுவிணைதிறன் வகை, அதாவது குரோமேட். நீரில் எளிதில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். பொடிக்கு வேலை இருந்தால் அங்கேதான்.

சரி, வேலை முடிந்த பொடி? காஸ்டிக் சோடாவில் கழுவினால் பொடி திரும்பக் கிடைக்கும், குரோமேட் கழுவிய நீருக்குப் போய்விடும், அதுவும் முன்னைவிட அடர்த்தியாக. அதை மூவிணைதிறனாக ஒடுக்கி வீழ்படிவாக்காமல் சிங்கில் ஊற்றினால் செய்த வேலைக்கு அர்த்தமே இல்லை. புராஜெக்ட் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பொடியை உலரவிட்டு ஊதாதீர்கள், ஈரமாகவே லேபிள் ஒட்டிய டப்பாவில் மூடி வையுங்கள்.

கிணற்று நீர் மஞ்சளாகத் தெரிந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீரில் அது லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முடிவு வரும்வரை அதைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.